முடி முளைக்கும் வரை

2024-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். ஒரு வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டுத் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தேன். சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் அவள் மகன் விடுப்பில் வந்திருப்பதாகச் சொன்னார்கள். உள்ளறையில் மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தாற்போல் உட்கார்ந்திருந்தான். நெற்றி வீங்கியிருந்தது. வீக்கம் கண் இமை வரை இறங்கியிருந்தது. முன்தலை முழுவதும் கடுகைத் தூவியதுபோலச் சிறுசிறு இரத்தப் பொருக்குகள். ஏதோ விபத்து என்று எண்ணிப் பதறிவிட்டேன்.

“விபத்தெல்லாம் இல்லை மாமா. முடி நட்டிருக்கிறேன்” என்றான்.

அவனுக்கு வயது இருபத்தெட்டு. இருபத்திரண்டிலேயே முன்தலை ஏறத் தொடங்கிவிட்டது. இரண்டு இடங்களில் பெண் பேசினார்கள். ஓரிடத்தில் புகைப்படத்தைப் பார்த்ததுமே, “மாப்பிள்ளைக்கு வயது அதிகமோ?” என்று கேட்டு நிறுத்திவிட்டார்கள். அந்தச் சொல் அவன் உள்ளத்தில் தைத்துவிட்டது. இரண்டு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்துச் சென்னையில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டு வந்திருக்கிறான். தவணை முறையில் கட்டலாம் என்று ஆசை காட்டினார்களாம். அதில் வட்டி இருப்பதை அறிந்து, வேண்டாமென்று மறுத்துவிட்டதாகச் சொன்னான். கேட்க மனத்துக்கு இதமாக இருந்தது.

நான் கேட்க நினைத்ததை அவனே கேட்டான். “மாமா, நான் செய்தது மார்க்கத்தில் கூடுமா? இந்தத் தலையோடு தொழுவது எப்படி? முடி வர ஒரு வருடம் ஆகுமாம். அதுவரை இதே நினைப்பாக இருக்கிறதே, இது பாவமா?”

மூன்று கேள்விகள். முதல் இரண்டுக்கும் கிதாபுகளில் விடை இருக்கிறது. மூன்றாவதற்கு விடை காண எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் இன்று இந்த நிலை ஏற்பட்டிருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

நாற்றங்காலும் நடவும்

ஆண்களுக்கு வரும் வழுக்கையில் பெரும்பகுதி பரம்பரையாக வருவது. உடலில் சுரக்கும் ஒரு சுரப்பு நீர், முன்தலையிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்களை நாளடைவில் சுருங்கச் செய்கிறது. முடி மெலிந்து, பூனை மயிராகி, பின் இல்லாமலே போகிறது. பின்தலையிலும் காதோரங்களிலும் உள்ள மயிர்க்கால்களை அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. முழு வழுக்கையருக்கும் பிடரியில் முடி எஞ்சி நிற்பதன் காரணம் இதுவே.

ஜப்பானைச் சேர்ந்த மருத்துவர் ஒக்குடா 1939-ல் முடியுள்ள தோலை எடுத்து வேறிடத்தில் பதிக்கும் முறையைப் பற்றி எழுதினார். நியூயார்க்கில் மருத்துவர் ஓரன்ட்ரைக் 1952-ல் வழுக்கைக்கு இதைச் செய்து பார்த்து, 1959-ல் தம் முடிவை வெளியிட்டார். பிடரியிலிருந்து எடுத்த முடி முன்தலையில் நடப்பட்டாலும் தன் பழைய குணத்தையே கொண்டிருக்கும் என்பது அவர் கண்ட உண்மை. இன்று ஒவ்வொரு மயிர்க்காலாகத் தோண்டியெடுத்து, ஊசித் துளை போன்ற குழியில் நடுகிறார்கள். என் மருமகனுக்கு ஏறத்தாழ 2,500 நட்டார்களாம். காலையில் படுத்தவன் மாலையில்தான் எழுந்திருக்கிறான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான், அவன் தகப்பனார், தஞ்சை மண்ணில் நெல் விளைவிக்கிறவர். “நாற்றங்காலில் பறித்து வயலில் நடுகிற வேலைதானே? இதற்கு இத்தனை ரூபாயா?” என்றார். அவருடைய தலையும் வழுக்கைதான். அவர் ஒருநாளும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

கூடுமா, கூடாதா?

பிறர் முடியைத் தம் முடியோடு ஒட்டவைப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்திருக்கிறார்கள். நோயினால் முடி உதிர்ந்த ஒரு மணப்பெண்ணுக்காக அனுமதி கேட்டபோதும் அதை அவர்கள் அனுமதிக்கவில்லை. சவுரிமுடி, ‘விக்’ ஆகியவற்றை உலமாக்கள் விலக்குவதற்கு இதுவே ஆதாரம். பிறரை ஏமாற்றும் தன்மை அதில் இருக்கிறது என்பதும் அவர்கள் எடுத்துக்காட்டும் காரணங்களுள் ஒன்று.

ஆனால் தன் தலையின் முடியைத் தன் தலையிலேயே இடம் மாற்றி நட்டு, அது வேரூன்றி வளர்வது வேறு விஷயம். அர்ஃபஜா (ரலி) என்ற தோழர் இஸ்லாத்துக்கு முந்திய காலப் போர் ஒன்றில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் மூக்கு செய்து பொருத்திக்கொண்டார். அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். இருந்தும் இழந்த உறுப்பின் குறையை நீக்குவதற்காக அதற்கு இடம் கொடுக்கப்பட்டது. இழந்ததைச் சீர்செய்வது வேறு, படைப்பில் குறை கண்டு அதை மாற்ற முனைவது வேறு என்று இதிலிருந்து உலமாக்கள் பிரித்துக் காட்டுகிறார்கள்.

இக்கால உலமாக்களுள் பலர் முடி நடுவது கூடும் என்றே கூறியிருக்கிறார்கள். மலேசியாவின் புத்ராஜெயாவில் 2007-ல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், உதிர்ந்த முடிக்குப் பதிலாக முடி நடுவதை ஆகுமானவற்றுள் சேர்த்தது.

ஆகும் என்பதால் அவசரப்படலாகாது. இது அறுவைச் சிகிச்சை. சென்னையில் 2016-ல் இத்தகைய சிகிச்சைக்குப் பின் ஓர் இளைஞர் உயிரிழந்ததைப் பத்திரிகைகளில் படித்தோம். இதைப் பயிற்சி பெற்ற மருத்துவரே செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் நெறிமுறை வகுத்தது. செய்பவர் யார், அவருடைய படிப்பு என்ன என்று விசாரிக்காமல் தலையை ஒப்படைப்பது அமானிதமான உடலுக்கு நாம் செய்யும் தீங்காகும்.

காயம்பட்ட தலையும் தொழுகையும்

மருமகன் அந்த மூன்று நாட்களும் தொழாமல் இருந்திருக்கிறான். “குனியக் கூடாது, தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொன்னார். வீக்கம் வடிந்ததும் சேர்த்துக் கழா செய்துகொள்ளலாம் என்று இருந்தேன்” என்றான். என்னை வருந்தச் செய்தது அவன் தலையைவிட இந்தப் பதில்தான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் பயணம் சென்ற ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம் ஏற்பட்டது. இரவில் அவருக்குக் குளிப்பு கடமையாகிவிட்டது. தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று கூட வந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்தார். செய்தி அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாக வருந்தி, அவர்கள்தாம் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்றும், அறியாதவர் கேட்டுத் தெரிந்துகொள்வதே அறியாமைக்கு மருந்து என்றும் கூறினார்கள். அபூதாவூதில் பதிவான இச்சம்பவம் தலைக்காயம் பற்றியதாகவே அமைந்திருப்பதைக் கவனியுங்கள். அறியாமல் கடுமை காட்டியவர்களால் அன்று ஓர் உயிர் போயிற்று. அறியாமையால் என் மருமகனுக்கு மூன்று நாள் தொழுகை போயிற்று.

ஒளூவில் தலைக்கு மஸ்ஹு செய்ய ஷாஃபிஈ மத்ஹபில் தலையின் சிறுபகுதியே போதும். ஹனஃபி மத்ஹபில் கால்பகுதி. காயம் படாத பக்கத்தில் ஈரக் கையால் மெல்லத் தடவினால் நிறைவேறிவிடும். கடமையான குளிப்பு ஏற்பட்டால், தண்ணீர் படக்கூடாத இடத்தை விட்டு மற்ற உடலைக் கழுவ வேண்டும். விடுபட்ட இடத்துக்காகத் தயம்மும் செய்வது ஷாஃபிஈ முறை. அவ்விடத்தின் மீது தடவுவதும், அதுவும் தீங்கு தருமாயின் விட்டுவிடுவதும் ஹனஃபி முறை. குனிவது தீங்கு என்று நம்பத்தக்க மருத்துவர் கூறிய நாட்களில் உட்கார்ந்து சைகையால் தொழலாம். ருகூஉவுக்குச் செய்வதைவிட ஸஜ்தாவுக்குச் சைகை சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். விவரங்களை அவரவர் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

“நானாக வரவழைத்துக்கொண்ட காயத்துக்கும் இந்தச் சலுகை உண்டா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. செய்த காரியம் ஆகுமானது என்றால் அதனால் வரும் இயலாமைக்கும் சலுகை உண்டு. ஆயினும் சலுகை தொழுகையின் முறைக்குத்தான். தொழுகையை விட்டுவிடுவதற்கு எந்தச் சலுகையும் இல்லை. “மருத்துவரிடம் எப்படித் தூங்குவது, எப்படிக் குளிப்பது, என்றைக்குத் தொப்பி போடுவது என்று எல்லாம் கேட்டாய். தொழுகையைப் பற்றி ஆலிமிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றேன். தலை குனிய இயலாததால் கண்களைத் தாழ்த்திக்கொண்டான். அன்று மஃரிபைச் சுவரோரம் உட்கார்ந்து சைகையால் தொழுதான். விட்டுப்போனவற்றையும் நிறைவேற்றினான்.

நட்டதும் உதிரும்

பத்து நாளில் பொருக்குகள் உதிர்ந்தன. நட்ட முடி குச்சி குச்சியாக நின்றது. கண்ணாடியில் பார்த்துப் பூரித்துப்போய்ச் சென்னைக்குத் திரும்பினான். மூன்றாம் வாரத்தில் அந்த முடியும் உதிரத் தொடங்கியது.

இது எல்லோருக்கும் நடப்பது. இடம் பெயர்ந்த அதிர்ச்சியில் மயிர்க்கால் முடியைக் கைவிட்டு ஓய்வுக்குப் போய்விடுகிறது. வேர் தோலுக்கடியில் உயிரோடுதான் இருக்கும். மூன்று நான்கு மாதம் கழித்துப் புது முடி மெல்லியதாக எட்டிப் பார்க்கும். ஆறு மாதத்தில் ஓரளவு தெரியும். முழுப் பலனைக் காண ஒரு வருடம் ஆகும். உச்சியாயின் இன்னும் தாமதமாகும். இவை எல்லாவற்றையும் மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லக் கேட்பது ஒன்று, தலையணையில் கொட்டிக் கிடப்பதைக் காண்பது மற்றொன்று.

மார்ச் மாதத்தில் ரமலான் பிறந்தது. கடைசிப் பத்துக்கு ஊருக்கு வந்தவன் தராவீஹுக்குப் பின் வரிசையில் ஒதுங்கி நின்றான். பணமும் போய், முடியும் போய், முன்னிருந்ததைவிட மோசமான தலையோடு நிற்பதாக அவன் எண்ணம். சஹருக்கு எழுந்தால் முதலில் கண்ணாடி. ஒளூ செய்தால் மறுபடியும் கண்ணாடி. கைத்தொலைபேசியில் நாளுக்கு ஒரு படம் எடுத்து, நேற்றைய படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். “தொழுகையில் நின்றாலும் அதுதான் மாமா கண்ணுக்குள் நிற்கிறது” என்றான்.

மச்சான்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னார். “நட்ட நாற்று முதலில் பழுத்துப் போகும். பார்ப்பவன் பயிர் போயிற்று என்பான். வேர் பிடித்த பிறகுதான் பச்சை பிடிக்கும். பச்சை பிடித்துவிட்டதா என்று தினம் பிடுங்கிப் பார்க்கிற விவசாயி உண்டா? தண்ணீர் கட்டுவது என் வேலை. பச்சை பிடிக்கச் செய்வது என் வேலையா?”

கிதாபு ஓதாத அந்தப் பெரியவரின் வாயிலிருந்து வந்தது, ஸபுர் என்பதற்கு நான் கேட்ட நல்ல விளக்கங்களுள் ஒன்று. பொறுமை என்றால் ஆசையைக் கொன்றுவிட்டுக் கல்லாகக் கிடப்பது என்று பலரும் கருதுகிறோம். விவசாயிக்கு விளைச்சலில் ஆசை இல்லையா? அவனைவிட ஆசை யாருக்கு இருக்கும்? ஆனால் தன் வேலை எங்கே முடிகிறது, அல்லாஹ்வின் வேலை எங்கே தொடங்குகிறது என்ற வரம்பை அவன் அறிவான். வரம்புக்கு இப்பால் உழைக்கிறான். அப்பால் உள்ளதைத் தினமும் தோண்டிப் பார்ப்பதில்லை.

முடியை உடையவர் அதைப் பேண வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். அதே சமயம் நாள்தோறும் தலைவாரிக்கொண்டிருப்பதை அவர்கள் தடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று அளவு காட்டியதும் ஹதீஸில் இருக்கிறது. பேணுதலும் வேண்டும், அதிலேயே மூழ்குவதும் கூடாது. மருமகனின் மூன்றாவது கேள்விக்குப் பாதி விடை இதில் கிடைத்தது. முடி வேண்டும் என்ற நினைப்பு பாவமாகாது. ஸஜ்தாவிலும் அந்த நினைப்பே முன்னிற்குமானால், அது நம்மை ஆளத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

வழுக்கையர் தோற்ற இடம்

மீதி விடை புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஒரு வரலாற்றில் இருக்கிறது. இஸ்ரவேலர்களில் மூவர்: ஒருவர் வெண்குஷ்டமுடையவர், ஒருவர் வழுக்கையர், ஒருவர் குருடர். அல்லாஹ் அவர்களைச் சோதிக்க நாடி ஒரு மலக்கை அனுப்பினான். மலக்கு வழுக்கையரிடம் வந்து, உமக்கு மிக விருப்பமானது எது என்று கேட்டார். அழகிய முடி வேண்டும், மக்கள் என்னை வெறுக்கும் இந்தக் குறை நீங்க வேண்டும் என்றார் அவர். மலக்கு தடவினார். குறை நீங்கி அழகிய முடி வந்தது. சினைப்பசு ஒன்றும் கிடைத்தது. அது பெருகி ஒரு பள்ளத்தாக்கை நிறைத்தது.

மக்கள் வெறுக்கிறார்கள் என்று அவர் சொன்ன அந்தச் சொல்லில் எத்தனை நாள் வேதனை இருந்திருக்க வேண்டும்! பெண் வீட்டார் படத்தைப் பார்த்து நிறுத்திய என் மருமகனின் வேதனையும் அதுவே. முடி கேட்டாயே, ஈமானைக் கேட்டிருக்கலாகாதா என்று மலக்கு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கேட்டது உடனே கொடுக்கப்பட்டது. ஆகவே அந்த ஆசையில் குற்றமில்லை.

அவர் தோற்றது பிற்பாடு. அதே மலக்கு, முன்பு அவர் இருந்த அதே கோலத்தில், ஏழை வழிப்போக்கராக வந்து உதவி கேட்டார். எனக்குச் செலவுகள் அதிகம் என்று அவர் கையை விரித்தார். நீர் முன்பு மக்கள் வெறுக்கும் வழுக்கையராகவும் ஏழையாகவும் இருந்தவர்தாமே என்று மலக்கு நினைவூட்டியபோது, இவையெல்லாம் என் பாட்டன் பூட்டன் வழியாக வந்தவை என்று சொல்லிவிட்டார். குஷ்டமுடையவரும் அவ்வாறே சொன்னார். நீர் சொல்வது பொய்யாயின் அல்லாஹ் உம்மைப் பழைய நிலைக்கே ஆக்கட்டும் என்று மலக்கு இருவரிடமும் கூறினார். குருடராக இருந்தவர் மட்டும், நான் குருடனாக இருந்தேன், அல்லாஹ் பார்வையைத் தந்தான், வேண்டியதை எடுத்துக்கொள்ளும் என்றார். அவர் வென்றார்.

மூவரும் கேட்டதில் வேற்றுமை இல்லை. முன்பு நான் இப்படி இருந்தேன் என்று ஒப்புக்கொள்ள ஒருவருக்கு மனம் வந்தது, இருவருக்கு வரவில்லை. முடி முளைக்கும் வரை நடப்பது பொறுமையின் சோதனை என்றால், முளைத்த பிறகு வருவது நன்றியின் சோதனை. இரண்டாவதுதான் கடினமானது. முதலாவதில் நாம் சோதிக்கப்படுகிறோம் என்பது நமக்குத் தெரிகிறது. இரண்டாவதில் அது தெரிவதில்லை.

ரமலான் இருபத்தேழாம் இரவு இந்த வரலாற்றை அவனுக்குச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

மக்காவில் ஒரு சவரக்கடை

நவம்பருக்குள் அவன் முன்தலை நன்றாக மூடிவிட்டது. தங்கைக்கு மகிழ்ச்சி தாளவில்லை. பழையபடி பெண் பேசத் தொடங்கியவள் என்னிடம் மெதுவாக, “நட்டது கிட்டது என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் அண்ணே” என்றாள். அவள் கவலை எனக்குப் புரிந்தது. முடி அவனுடையதுதான், பொய் முடி இல்லை. ஆனாலும் உறவு தொடங்கும் வீட்டில் மறைத்துக் காக்க ஓர் இரகசியம் எதற்கு என்று மட்டும் கேட்டேன்.

2025 ஜனவரியில் அவளை அழைத்துக்கொண்டு அவன் உம்ராவுக்குச் சென்றான். உம்ராவின் முடிவில் ஆண்கள் தலையை மழிக்க வேண்டும் அல்லது முடியைக் குறைக்க வேண்டும். மழிப்பவர்களுக்காக நாயகம் (ஸல்) அவர்கள் மீண்டும் மீண்டும் துஆச் செய்து, இறுதியில்தான் குறைப்பவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள் என்பதை நாம் அறிவோம். மழிப்பதே சிறப்பு, குறைப்பதும் கூடும். ஒரு வருடம் எண்ணி எண்ணி வளர்த்த முடியை இவன் என்ன செய்வான் என்று எனக்குள் ஓர் ஆவல் இருந்தது. கேட்கவில்லை.

திரும்பி வந்தவன் அவனாகவே சொன்னான். “மழிக்க மனம் வரவில்லை மாமா. வேர் போகாது, மறுபடி வளரும் என்று தெரியும். இருந்தும் முடியவில்லை. குறைத்துத்தான் கொண்டேன். என் ஈமானின் அளவு அவ்வளவுதான் போலிருக்கிறது.”

“கூடும் என்று மார்க்கம் சொன்னதைத்தானே செய்தாய்” என்றேன்.

பிறகு அவன் சொன்னதைத் தங்கையும் உறுதிப்படுத்தினாள். சவரக்கடை வரிசையில் நம் தமிழ்நாட்டுப் பெரியவர் ஒருவர் நின்றிருந்தாராம். தலையில் ஒரு முடி கிடையாது. அத்தகையவர் வெறுந்தலையில் கத்தியை ஓட்டிக்கொள்வது முறை. அவருடைய முறை வந்தபோது பின்னாலிருந்த இளைஞர்கள் இருவர், “இவருக்கு எதற்குக் கத்தி?” என்று சிரித்தார்கள். பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. மருமகன் அவர் தோளைத் தொட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, “நானும் உங்களைப் போல் இருந்தவன்தான் வாப்பா. இது போன வருடம் நட்ட முடி. அல்லாஹ் கொடுத்தான்” என்றானாம். சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து கத்திக்குத் தலையைக் கொடுத்தார்.

தங்கை இதைச் சொல்லும்போது கண் கலங்கினாள். அதன் பிறகு, மறைக்கச் சொல்லி அவள் என்னிடம் பேசவில்லை. பெண் பார்க்கும் இடங்களில் அவளே முதலில் சொல்லிவிடுகிறாள். சிலர் முகம் சுளிக்கிறார்கள், சிலர் சிரித்துக்கொண்டு, “எங்கள் மகனுக்கும் விலாசம் கொடுங்கள்” என்கிறார்கள்.

உமர் (ரலி), அலீ (ரலி) ஆகிய இரு கலீஃபாக்களும் முன்தலை வழுக்கையானவர்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவர்களுடைய கண்ணியத்தில் அதனால் ஓர் அணுவும் குறையவில்லை. வழுக்கையோடு நிம்மதியாக இருப்பவர் என் மச்சானைப் போல் இருக்கட்டும். இருக்க இயலாதவர் ஆகுமான வழியில், ஆகுமான பணத்தில் சிகிச்சை செய்துகொள்ளட்டும். இருவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே மண்ணில் நெற்றியை வைக்கிறவர்கள்தாம். கொடுக்கப்பட்டவர், கொடுக்கப்படாத தம் பக்கத்து மனிதரைப் பார்த்து, “நானும் அப்படி இருந்தேன்” என்று சொல்ல முடிந்தால் போதும். அதற்குரிய நெஞ்சத்தை வல்ல நாயன் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.